டீசல் மெக்கானிக் மாணவர் கற்ற பாதுகாப்பை எடை போடுவது எப்படி?

நம் இதழில் அரிசி வரத்தும், ஜி.எஸ்.டி. கணக்கும், தராசு முத்திரையும் இடம்பெறுவது வழக்கம். டீசல் மெக்கானிக் படிக்கும் மாணவர்களின் பாதுகாப்புப் பயிற்சி என்ற பொருள் அவற்றுக்கு நடுவே புதிதாகத் தெரியலாம். ஆனால் மளிகைக் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் தினமும் டீசல் எஞ்சினை நம்பித்தான் தொழில் நடத்துகிறோம். சரக்கு லாரியில் வந்து இறங்குகிறது. மண்டியிலிருந்து கடைக்கு மினி லாரியில் போகிறது. மின்சாரம் நின்றால் குளிர்பதனப் பெட்டியும் பில் போடும் இயந்திரமும் ஜெனரேட்டரில் ஓடுகின்றன.

இந்த எஞ்சின்களைப் பழுது பார்க்க வருகிறவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டுப் பட்டறைக்கு வந்தவர்கள், அல்லது படித்துக்கொண்டே பயிற்சிக்கு வருகிறவர்கள். நம் உறுப்பினர்களின் வீட்டுப் பிள்ளைகளும், கடையில் வேலை பார்ப்போரின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் கற்ற பாதுகாப்புப் பாடம் அரைகுறையாக இருந்தால் அதன் விலையை முதலில் கொடுப்பது அந்தப் பிள்ளையின் கையும் கண்ணும். அடுத்துக் கொடுப்பது நம் கடையும் சரக்கும். ஆகவே அந்தப் பாடம் எப்படி அளக்கப்படுகிறது, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம், நாமே எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.க்கள் நடக்கின்றன. ‘மெக்கானிக் டீசல்’ என்பது அதில் ஓராண்டுப் பிரிவு. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். பாடத்திட்டத்தை வகுப்பது மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகம். தமிழ்நாட்டில் நிலையங்களை நடத்தவும் மேற்பார்க்கவும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட திட்டப்படி ஆண்டுக்கு 1200 மணி நேரப் பயிற்சி. அதில் 840 மணி செய்முறை, 240 மணி தொழில் அறிவு, 120 மணி வேலைவாய்ப்புத் திறன். இவை தவிர, பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் 150 மணி நேரப் பணியிடப் பயிற்சியும் உண்டு.

பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் தனித் தாளாக இல்லை. பட்டறை ஒழுங்கு, தீயணைப்பு, முதலுதவி, கழிவு எண்ணெய் அகற்றுதல் ஆகியவை தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பிறகு ஒவ்வொரு செய்முறையிலும் அவை சேர்ந்தே வரவேண்டும் என்பது ஏற்பாடு. மதிப்பீட்டு வழிகாட்டுதலும் இதைச் சொல்கிறது. மாணவர் செய்த வேலைக்கு மதிப்பெண் போடும்போது, அவர் சிதைவைக் குறைத்தாரா, கழிவை முறைப்படி அகற்றினாரா, பாதுகாப்பிலும் சுற்றுச்சூழலிலும் அக்கறை காட்டினாரா என்பதையும் பயிற்றுநர் கணக்கில் எடுக்க வேண்டும்.

தேர்ச்சிக்குச் செய்முறைத் தேர்விலும், ஆண்டு முழுதும் போடப்படும் தொடர் மதிப்பீட்டிலும் 60 விழுக்காடு வேண்டும். மற்ற தாள்களுக்கு 33 விழுக்காடு போதும். தொழில் அறிவுத் தேர்வு கணினி வழியே, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 33 விழுக்காட்டில் தேறும் தாளில், பாதுகாப்பைப் பற்றிய கேள்விகள் அத்தனையும் தவறவிட்ட மாணவரும் மற்றக் கேள்விகளால் தேறிவிட இடமுண்டு. சான்றிதழில் அது தெரியாது. ஆகவே பாதுகாப்பைப் பொறுத்தவரை, செய்முறையில் பயிற்றுநர் நின்று பார்த்துப் போடும் மதிப்பெண்தான் அச்சாணி. அவர் பார்க்காமல் போட்டால் பதிவேடு மட்டும் நிறையும்.

ஏட்டு இருப்பும் கிடங்கு இருப்பும்

இதை நாம் நம் தொழிலை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஏட்டில் 40 மூட்டை துவரம்பருப்பு இருப்பதாக எழுதியிருக்கிறது. கிடங்கில் போய் எண்ணினால் 36 இருக்கிறது. எந்த வியாபாரியும் ஏட்டை மட்டும் பார்த்து அடுத்த விலை பேச மாட்டார். பயிற்சிக்கும் இருப்பு எடுக்க வேண்டும்.

பயிற்சியின் பலனை அளக்க உலகெங்கும் பரவலாகப் பயன்படும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதிய கட்டுரைகளில் அதை முன்வைத்தார். நான்கு படிகளில் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்னது.

முதற்படி, வகுப்பு மாணவருக்குப் பிடித்திருந்ததா? இரண்டாவது, பாடம் மண்டையில் ஏறியதா? மூன்றாவது, வேலை செய்யும் இடத்தில் அவர் நடத்தை மாறியதா? நான்காவது, அதனால் பலன் கிடைத்ததா, அதாவது காயமும் கழிவும் குறைந்ததா?

பொதுவாக நடப்பது முதல் இரண்டு படிகள். வகுப்பு முடிந்ததும் ஒரு படிவம் நிரப்புவார்கள். ஒரு தேர்வு எழுதுவார்கள். மூன்றாவது படிக்குப் பட்டறையில் போய் நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ‘பேட்டரியில் முதலில் எந்த வயரைக் கழற்ற வேண்டும்?’ என்ற கேள்விக்குச் சரியான விடை எழுதிய மாணவர், முதலாளி அவசரப்படுத்தும்போது கைக்கு எட்டிய வயரைக் கழற்றக்கூடும். தேர்வு அவருடைய அறிவை அளந்தது. அந்த நேரத்தில் அவர் செய்ததை அது அளக்கவில்லை.

பாடம் நடத்திய அன்றே வைக்கும் தேர்வு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அன்று நினைவில் இருப்பது மூன்று மாதம் கழித்து இருக்குமா என்பது வேறு கேள்வி. நல்ல பயிற்றுநர் அதே சோதனையை முன்னறிவிப்பு இல்லாமல் சில மாதம் கழித்து மறுபடி வைப்பார். அப்போதும் கை சரியாகப் போனால் அது பழக்கமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

சராசரி போடக் கூடாத பாடம்

பத்துப் பாதுகாப்பு முறைகளில் ஒன்பதைச் சரியாகச் செய்த மாணவருக்கு 90 மதிப்பெண் கொடுப்பது மற்றப் பாடங்களுக்குப் பொருந்தும். இங்கே பொருந்தாது. விட்டுப்போன பத்தாவது முறை, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்ததாக இருந்தால் மற்ற ஒன்பதும் அவரைக் காப்பாற்றாது. நூறு மூட்டைச் சர்க்கரையில் ஒரு மூட்டையில் பூச்சிமருந்து கலந்திருந்தால், 99 விழுக்காடு சுத்தம் என்று நாம் விற்கிறோமா?

ஆகவே சரியான மதிப்பீட்டுப் பட்டியலில் சில இனங்களுக்குத் தனிக் குறி இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றைத் தவறினாலும் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை. மறுபடி பயிற்சி பெற்று மறுபடி செய்து காட்ட வேண்டும். மாணவரைத் தண்டிப்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அவர் அந்தத் தவற்றைப் பயிற்றுநர் முன்னிலையில் செய்து திருத்திக்கொள்வது, பட்டறையில் தனியாக இருக்கும்போது செய்வதைவிட மலிவு.

செய்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டியவை

கீழே உள்ளவை டீசல் வேலையில் உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து விளைவிக்கும் இடங்கள். ஐ.டி.ஐ. பயிற்றுநர் இவற்றை வாய்வழிக் கேள்வியாகக் கேட்பதோடு நில்லாமல் செய்து காட்டச் சொல்லலாம். நம் கடை ஜெனரேட்டருக்கு வேலை பார்க்க வரும் பையனிடமும் நாம் இவற்றைக் கவனிக்கலாம். இதற்கு எஞ்சின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. எஞ்சின் தானாக ஓடாதபடி செய்தாரா? இப்போதைய ஜெனரேட்டர்கள் பல, மின்சாரம் நின்றதும் தாமே கிளம்பும். பெல்ட்டில் கை இருக்கும்போது மின்சாரம் நின்றால் விரல் போய்விடும். ஆட்டோ சுவிட்சை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சாவி வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும். கடைப் பையனிடம் கொடுத்துவைக்கக் கூடாது.

2. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறாரா? மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்தில் நீராவியாகி முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருப்பதே வழி. காத்திருக்கப் பொறுமை உண்டா என்பதுதான் இங்கே தேர்வு.

3. நாசில் சோதிக்கும்போதும், எரிபொருள் குழாயில் கசிவு தேடும்போதும் கையை எங்கே வைக்கிறார்? கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். பழைய வகை எஞ்சினிலேயே நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் அது 1600 பாருக்கும் மேல் போகிறது. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவைச் சிகிச்சை இல்லாவிட்டால் விரலை, சில நேரம் கையையே எடுக்க நேரிடும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடிக்க வேண்டும். விரலால் தடவக் கூடாது. இது தனிக் குறி இட வேண்டிய இனங்களில் முதன்மையானது.

4. வண்டிக்கு அடியில் போகுமுன் ஸ்டாண்டு வைத்தாரா, சக்கரத்துக்கு அடைக்கட்டை கொடுத்தாரா? ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். அடுக்கிய செங்கல்லும் பழைய மரத்துண்டும் ஸ்டாண்டு ஆகா.

5. பேட்டரி பக்கத்தில் நெருப்புப் பொறி இல்லாமல் பார்க்கிறாரா? சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஆசிட் கலக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

6. எண்ணெயில் தீப்பிடித்தால் எதை எடுக்கிறார்? தண்ணீர் ஊற்றினால் எரியும் டீசல் மிதந்து பரவும். உலர்பொடி, நுரை, கார்பன் டை ஆக்சைடு ஆகிய தீயணைப்பான்களில் ஒன்று வேண்டும். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து, பிடியை அழுத்தி, இருபக்கமும் வீச வேண்டும். சுவரில் தொங்கும் தீயணைப்பானைக் கையில் எடுத்தே பார்க்காதவர் தீயின்போது திகைத்து நிற்பார்.

7. அடைத்த அறையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறாரா? டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. அது நாளடைவில் வரும் கேடு. உடனே வரும் கேடு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷட்டருக்குள் ஜெனரேட்டர் ஓடினால் தூக்கத்திலேயே உயிர் போகலாம். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் இந்த வாயு இன்னும் அதிகம்.

8. உடுப்பு எப்படி? தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, மோதிரம், ரப்பர் செருப்பு ஆகியவற்றோடு ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

9. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுகிறாரா? பழைய பிரேக் லைனிங் சிலவற்றில் கல்நார் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி ஆண்டுகள் கழித்து நோயாகும். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

10. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணினாரா, சிந்திய எண்ணெயை எடுத்தாரா? மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ள வேண்டும். பக்கெட் தண்ணீரால் சாக்கடைக்குத் தள்ளுவது சுத்தம் ஆகாது.

சுற்றுச்சூழல் பாடத்தைக் கணக்கால் அளக்கலாம்

பாதுகாப்பைக் கண்ணால் பார்க்கலாம். சுற்றுச்சூழல் பழக்கம் பல நேரம் கண்ணுக்குப் படாது. இரவில் சாக்கடையில் ஊற்றியதைக் காலையில் யார் பார்ப்பது? அதற்கு நமக்குப் பழக்கமான வழியே போதும், வரவு செலவுக் கணக்கு.

உதாரணத்துக்கு, ஒரு பட்டறை மாதம் 200 லிட்டர் புதிய ஆயில் வாங்கி எஞ்சின்களில் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் கொஞ்சம் எரிக்கும். ஃபில்டரிலும் டின்னிலும் கொஞ்சம் ஒட்டும். குறைந்த அளவை நிரப்பியது வண்டியோடு போகும். இவற்றைக் கழித்தாலும் நல்ல பங்கு பழைய ஆயிலாகத் திரும்ப வேண்டும். மறுசுழற்சிக்காரருக்கு விற்ற ரசீதில் 60 லிட்டர்தான் இருக்கிறது என்றால், மீதி எங்கே என்று கேட்க வேண்டும். இந்தக் கணக்கை மாணவரையே எழுதச் சொல்வது சிறந்த மதிப்பீடு. எழுதத் தெரிந்தால் அவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது. எண்கள் பொருந்தினால் பட்டறையும் பாடப்படி நடக்கிறது.

பழைய ஆயிலில் எஞ்சின் தேய்மானத்தால் வந்த உலோகத் துகளும், எரிப்பில் உண்டான நச்சுப் பொருள்களும் கலந்திருக்கும். ஒரு வண்டியின் ஒரே ஒரு ஆயில் மாற்றத்தில் கழியும் எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவாகவே வைக்கப்பட்டுள்ளது. 2023இல் வந்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் கழிவு எண்ணெய் மறுசுழற்சியில் எண்ணெய் உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்கும் பொறுப்பு சுமத்தப்பட்டிருக்கிறது. பழைய பேட்டரிக்கு 2022இல் தனி விதிகள் வந்தன. சென்ட்ரிங் பலகையில் தடவுவது, கரையானுக்கு மரத்தில் பூசுவது, அடுப்பில் எரிப்பது ஆகிய பழைய வழக்கங்கள் எல்லாம் இந்த விதிகளுக்குப் புறம்பானவை.

குளிர்விப்பு நீரில் கலக்கும் எத்திலீன் கிளைக்காலும் கவனிக்க வேண்டிய பொருள். அது இனிக்கும் நஞ்சு. திறந்த தட்டில் வைத்தால் நாயும் குழந்தையும் வாய் வைக்கும்.

மளிகைக்காரர் மறக்கக் கூடாத மொராக்கோ

கழிவு எண்ணெயும் சமையல் எண்ணெயும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய உதாரணம் உண்டு. 1959இல் மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திடீரெனக் கை கால் விளங்காமல் விழுந்தார்கள். பாதிக்கப்பட்டோர் சுமார் 10,000 பேர். காரணத்தைத் தேடியபோது கடைகளில் வாங்கிய சமையல் எண்ணெய் அகப்பட்டது. அமெரிக்க விமானப்படைத் தளத்தில் உபரியாக விற்ற ஜெட் எஞ்சின் மசகு எண்ணெயைத் தாவர எண்ணெயில் கலந்து விற்றிருந்தார்கள். அந்த மசகு எண்ணெயில் இருந்த ஒரு பாஸ்பேட் வேதிப்பொருள் நரம்புகளைத் தாக்கியது.

கலந்தவர்கள் பேராசைக்காரர்கள். ஆனால் பட்டறையை விட்டு வெளியேறும் எண்ணெய் எங்கே போகிறது என்று ஒருவரும் கணக்கு வைக்காத இடத்தில்தான் பேராசைக்கு வழி திறக்கிறது. மசகு எண்ணெய் இருந்த காலி டின்னைக் கழுவிவிட்டு அதில் நல்லெண்ணெய் பிடிப்பது, டீசல் கேனை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பது போன்றவை சின்ன அளவில் இதே ஆபத்தின் உறவுகள். மாவும் தேயிலையும் டீசல் வாடையை எளிதில் இழுத்துக்கொள்ளும். வேலைக்கு வந்த பையன் ஸ்பானரைப் பருப்பு மூட்டைமேல் வைத்தால், அதைச் சுட்டிக்காட்டும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

விபத்து இல்லை என்பது அளவுகோல் ஆகாது

‘எங்கள் பட்டறையில் இரண்டு வருஷமாக ஒரு விபத்தும் இல்லை’ என்று சொல்வதைக் கேட்கிறோம். நல்ல செய்திதான். ஆனால் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு வருஷம் விபத்து இல்லாமல் போவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும். தப்பான பழக்கம் பல நாள் காசு கேட்காமல் இருந்துவிட்டு ஒரு நாள் மொத்தமாகக் கேட்கும்.

ஆகவே மயிரிழையில் தப்பியவற்றை எழுதிவைக்கும் நோட்டு ஒன்று பட்டறைக்கு வேண்டும். ஜாக்கி சறுக்கியது, ஸ்பானர் பேட்டரிமேல் விழுந்து பொறி பறந்தது, எண்ணெயில் கால் வழுக்கியது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மாணவர்கள் பயப்படாமல் எழுத வேண்டுமானால், எழுதியதற்குத் திட்டு விழக் கூடாது. அந்த நோட்டு வெறுமையாக இருந்தால், தவறே நடக்கவில்லை என்று எண்ணிவிடாமல், சொல்லப் பயப்படுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

நம் பங்கு என்ன?

இதுவரை சொன்னது மாணவரையும் பயிற்றுநரையும் பற்றி. இனி நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுகாப்பாக வேலை செய்ய நேரம் பிடிக்கும். எஞ்சின் ஆற அரை மணி நேரம் காத்திருக்கும் பையனை ‘சும்மா நிற்கிறானே’ என்று முதலாளியிடம் சொல்கிறவர் வாடிக்கையாளரான நாமே. இருப்பதில் குறைந்த கூலிக்கு ஆள் தேடிவிட்டு, அவன் கண்ணாடி போடவில்லை, கையுறை போடவில்லை என்று பிறகு குறை சொல்வதில் பொருள் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு கற்றதை ஒரு வாரத்தில் மறக்கடிக்கும் வல்லமை அவசரத்துக்கு உண்டு.

நம் உறுப்பினர்கள் செய்யக்கூடியவை சில உள்ளன.

சொந்த லாரியும் பட்டறையும் வைத்திருப்போர், 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பயிற்சியாளரைச் சேர்க்கலாம். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு விருப்பம். பழகுநரின் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கும், வேலையில் காயம் பட்டால் ஈட்டுத்தொகைக்கும் சட்டம் முதலாளியையே பொறுப்பாக்குகிறது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றும், 18 வயது நிரம்பாதவரை அபாயகர வேலைகளில் வைக்கக் கூடாது என்றும் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ‘எடுபிடிக்கு ஒரு சின்னப் பையன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல அரசு ஐ.டி.ஐ.க்களில் தொழில் நடத்துவோர் இடம்பெறும் நிர்வாகக் குழுக்கள் உள்ளன. உள்ளூர்ச் சங்கங்கள் அவற்றின் வழியாகவோ, நேரில் முதல்வரைக் கண்டோ மூன்று வேண்டுகோள் வைக்கலாம். தனிக் குறியிட்ட இனங்களில் ஒன்று தவறினாலும் மறுபயிற்சி. மூன்று மாதம் கழித்து மறுசோதனை. பணியிடப் பயிற்சிக்கு மாணவரை அனுப்பும் பட்டறையைப் பயிற்றுநர் முதலில் போய்ப் பார்ப்பது. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

கடையளவில், ஜெனரேட்டர் பழுது பார்க்க வருவோருக்காக ஒரு சிறு பட்டியலைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். மேலே சொன்ன பத்தில் நம் கடைக்குப் பொருந்தும் ஐந்தாறு போதும். பழைய ஆயிலை எடுத்துச் செல்பவரிடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரருக்கு அது போகிறதா என்று கேட்டு, ரசீது வாங்கி வைக்கலாம். புது ஜெனரேட்டர் வாங்குவோர், 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புகை வரம்புக்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும். 1000 கே.வி.ஏ. வரையுள்ள ஜெனரேட்டரின் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்ற வரம்பு 2005 ஜனவரி 1 முதல் தயாரானவற்றுக்கு உண்டு.

தராசை முத்திரை வைக்கக் கொண்டுபோகும்போது, சோதிப்பவர் தராசு பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறார். டீசல் மாணவரின் சான்றிதழையும் அப்படியே பார்ப்போம். அடுத்த முறை நம் கடைக்கு மெக்கானிக் வரும்போது, வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று கேட்பதற்கு முன், ஆட்டோ சுவிட்சை அணைத்தாயா தம்பி என்று கேட்போம்.